வெறும் மிக்ஸி

ஆரியங்கோடு
12 ஜூன் 2024

பினு அப்பாவுக்கு,

நான் பத்திரமாக இருக்கிறேன். என்னோடு கல்லூரியில் இருந்த குமாரி டீச்சரின் வீட்டில், மாடி அறையில். அவர் ஓய்வு பெற்று மகளோடு மைசூருக்குப் போன பிறகு வீடு பூட்டியே கிடந்தது. சாவியை ஜங்ஷன் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். சுற்றிலும் ரப்பர் மரங்கள். பக்கத்தில் வீடு கிடையாது. இதற்காகத்தான் வந்தேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். முடியாது. உங்களுக்குக் கேட்க வேண்டுமானால் நான் கத்த வேண்டும். என் வலது பக்க உதடு இன்னும் என் சொல்லைக் கேட்பதில்லை. கத்தினால் வார்த்தை வெறும் காற்றாகப் போகிறது. வாட்ஸாப்பில் எழுதினால் கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது போனை நீட்டி வாசிக்கச் சொல்வீர்கள். ஆகவே கடிதம். இதை நீங்களே வாசித்தாக வேண்டும்.

ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாமில் வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியதில் தொடங்கியது இது. முகம் கோணியதை எல்லோரும் பார்த்தார்கள். காதுக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. டாக்டர் உங்கள் முன்னால்தான் சொன்னார்: சத்தத்தை அடக்கி உள்ளே அனுப்புகிற சின்னத் தசை ஒன்று உண்டு, முகத்து நரம்போடு சேர்ந்து அதுவும் தளர்ந்துவிட்டது, அதனால் எல்லாச் சத்தமும் முழுசாக உள்ளே போகும் என்று. நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான்கு மணி வரை வீடு அடங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் படுத்து, முகத்தைத் தளர்த்தி, டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்ய வேண்டும். "அதுக்கென்ன, டிவியப் போடமாட்டேன், போருமா?" என்றீர்கள். அன்றைக்கு டிவி ஓடவில்லை என்பது உண்மை. நான் படுத்தேன். பல வாரத்துக்குப் பிறகு தாடை இளகியது. அப்போது மிக்ஸி ஓடத் தொடங்கியது.

நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. எழுந்து அடுக்களைக்கு வந்தேன். மிக்ஸி மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றீர்கள். ஜாரில் ஒன்றும் இல்லை. ஒரு துண்டு தேங்காய்கூட இல்லை. என்னைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. என்ன இது என்று கேட்டேன். "சும்மா" என்றீர்கள்.

நீங்கள் சத்தமான மனிதர், மறதிக்காரர், சொன்னதைக் காதில் வாங்காதவர். இதெல்லாம் கல்யாணமான வருஷமே தெரியும். கேலிக்காக ஒருத்தியின் வலியில் வெறும் மிக்ஸியை ஓட்டுகிறவர் என்று தெரிந்திருக்கவில்லை.

பிரஷர் மாத்திரை ஃப்ரிட்ஜின் மேல் சிறிய டப்பாவில் இருக்கிறது. தேடி வர வேண்டாம். வெளிநாட்டில் இருக்கிற பினுவிடம் இதைச் சொல்ல வேண்டாம், பிள்ளை பதறும்.

ஜீனா


கொல்லயில்
ஜூன் 17

ஜீனா,

உன் கடிதத்தைக் கண்ணாடி போட்டு நானேதான் வாசித்தேன். இரண்டு தடவை. கல்யாணத்துக்கு முன்பு உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், அதில் பிழை திருத்தி சிவப்பு மையில் திருப்பி அனுப்பினாய். அதோடு நான் கடிதம் எழுதுவதை விட்டேன். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான், என் தமிழ் சர்ச் பாட்டுப்புத்தகத்துத் தமிழ். இதையும் வேண்டுமானால் திருத்து.

நீ போனது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆனந்தபாய் அக்கா ஒரு பாத்திரம் நிறைய கப்பைக்கிழங்கும் மீனும் கொண்டு வந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"கனகதாசே, டீச்சர் எங்க?"

"ஆரியங்கோட்டுல ரெஸ்டுல ஆக்கும்."

"வீட்டுக்குள்ள இல்லாத ரெஸ்டு ரப்பர் காட்டுக்குள்ள எங்கடே கெடக்கு? நீ அவளை என்னவும் சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லேல்ல."

"அதாக்கும் கொழப்பம்," என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக்கூடத் திருப்பி வாங்காமல் போனார்கள். அதாவது, அதை எடுக்க இன்னொரு தடவை வருவார்கள்.

மிக்ஸி விஷயத்தில் நீ நினைப்பது போல ஒன்றும் இல்லை. அதில் ஏதோ கேடு உண்டா என்று பார்த்தேன். அவ்வளவுதான். உன்னைக் கேலி செய்ய எனக்கு என்ன பைத்தியமா? டிவி சத்தமும் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நீ சொல்வதைக் கேட்டால் நான் என்னவோ கோவில் திருவிழா நடத்துகிறேன் என்று தோன்றும். உனக்கு சுகம் இல்லை என்பதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சத்தமே இல்லாத வீட்டில் ஒரு மனுஷனால் இருக்க முடியாது, ஜீனா. என்னால் முடியாது. அதை எப்படி உனக்குப் புரிய வைப்பது என்று தெரியவில்லை.

ஜூலை ஐந்து, வெள்ளிக்கிழமை, சபையின் வீட்டு ஜெபக்கூட்டம் நம் வீட்டில். முறை வந்தால் மாற்றிக் கொடுக்க முடியாது என்று உனக்குத் தெரியும். வீட்டுக்காரி இல்லாத வீட்டில் நாற்பது பேர் வந்து உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போனால் பிறகு நான் எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குயருக்கு முன்னால் நின்று பாட்டு எடுப்பேன்? அன்றைக்கு மட்டுமாவது வா. நீ அறைக்குள் இருந்தால் போதும். சாயா நான் போடுகிறேன்.

மாத்திரை கிடைத்தது. அது ஃப்ரிட்ஜின் மேல் அல்ல, உள்ளே இருந்தது. நான்தான் வைத்திருப்பேன்.

கனகதாஸ்


ஆரியங்கோடு
ஜூன் 23

பினு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொண்டு வந்த தபால்காரி விஜயம்மா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டீச்சரே, கொல்லயில்னா ஒரு பஸ்ஸு மாறினா போற தூரம். ரெண்டு பேரும் ஸ்டாம்பு ஒட்டியா பேசுதிய?" ஆமாம் என்று தலையாட்டினேன். "எங்க வீட்டுலயும் இங்ஙன ஆக்கினா நல்லாருக்கும்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். அவள் வண்டி வளைவைத் தாண்டும்வரை வலது காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

மிக்ஸியில் கேடு பார்த்தேன் என்கிறீர்கள். கேடு பார்க்கிறவன் ஓட்டிப் பார்த்து நிறுத்துவான். நீங்கள் நிறுத்தவில்லை. உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதில் இதுவரை எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

நீங்கள் கேட்காததால் எழுதுகிறேன். உங்களுக்கு அது ஒரு டம்ளரை மேசையில் வைப்பது. எனக்கு அது காதுக்குள் அடிக்கிற ஆணி. ஸ்டீல் பாத்திரங்களை நீங்கள் கழுவி அடுக்கும்போது நான் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். குயர் ஆட்கள் வந்து பாடுகிற மாலைகளில் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வேன். ஒரு நாள் அங்கே பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷம் கல்லூரியில் பாடம் சொன்னவள். வெளியே நீங்கள் எல்லோருமாக இளைப்பாறுதலைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தீர்கள். வாளிக்குள் என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது. அதையும் நிறுத்த முடியுமா என்று யோசித்தேன்.

இன்னொரு நாள் தையல் பெட்டியிலிருந்து பெரிய ஊசியை எடுத்தேன். இந்த ஒரு காது மொத்தமாகச் செத்துப்போனால் மற்றது போதும் என்று பட்டது. பிறகு அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். ஊசியைப் பார்த்து நான் பயப்படவில்லை. அதைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை. அதற்குத்தான் பயந்தேன். மறுநாள் குமாரி டீச்சருக்கு எழுதினேன்.

ஆகவே கூட்டத்துக்கு வர மாட்டேன். நாற்பது பேர் கை தட்டிப் பாடுகிற வீட்டில் அறைக்குள் இருந்தால் போதும் என்கிறீர்கள். அந்த அறைக்குக் கதவே இல்லை. குயருக்கு இடம் போதவில்லை என்று நீங்கள் கழற்றி வைத்த கதவு அது. இன்றுவரை திரைச்சீலைதான் தொங்குகிறது.

நான் இல்லாததால் உங்களுக்கு அவமானம் என்கிறீர்கள். நான் இருந்தபோதும் கூட்டத்தில் எனக்கு அவமானம் இருந்தது. உபதேசியார், "மௌனமாய் ஜெபிப்போம்" என்று தலை குனிவார். அந்த மௌனத்தைப் பாட்டால் முடித்து வைப்பது உங்கள் பொறுப்பு. சபையின் மற்ற வார்டுகளில் பாட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள். நீங்கள் ஜனங்கள் கண் மூடுவதற்குள் பாட்டை எடுத்துவிடுவீர்கள். ஆனந்தபாய் அக்கா ஒருமுறை என் பக்கம் சாய்ந்து, "கனகதாசுக்கு ஆண்டவர்கிட்ட பேச ஒண்ணும் கெடையாது போல," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

குமாரி டீச்சர் இந்த வீட்டை ஒரு வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கிருந்து கல்லூரிக்கு பஸ் உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினேன். மிரட்டலாக அல்ல.

தீக்குச்சியைக் கொளுத்தி முகத்துக்கு நேராகப் பிடித்து ஊதி அணைக்க வேண்டும் என்பது ஒரு பயிற்சி. தினமும் ஊதுகிறேன். காற்று வாய் ஓரமாகப் போய்விடுகிறது. சுடர் அசைவதில்லை.

ஜீனா


கொல்லயில்
ஜூலை 8

ஜீனா,

வாளியைப் பற்றி நீ எழுதியதை வாசித்த பிறகு அந்த வாளியைப் பார்க்க முடியவில்லை. மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால் கொண்டு போட்டுவிட்டேன். ஊசியைப் பற்றி வாசித்ததும் தையல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அங்கேதான் இருக்கிறது.

கூட்டம் நடந்தது. ஆனந்தபாய் அக்கா சாயாவைக் கையில் எடுத்துக்கொண்டார்கள், பிறகு அடுக்களையையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். ரெஸ்ட் என்றேன். சரோஜம், "ஜெபத்தோட ரெஸ்டு எடுக்கச் சொல்லுங்க," என்றாள். சரி என்றேன்.

பிறகு உபதேசியார் மௌனமாய் ஜெபிப்போம் என்றார். நான் உன் கடிதத்தை நினைத்தேன். ஆண்டவர்கிட்ட பேச ஒன்றும் இல்லாதவன் என்று என் மனைவியும் சிரித்தாள் அல்லவா? இன்றைக்கு எடுக்க மாட்டேன், பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதை மறந்துபோனேன். அது என் வேலை அல்லவா? ஜெபம் நீண்டுகொண்டே போனது. யாரோ இருமினார்கள். உபதேசியார் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், மறுபடி மூடினார். பின்னால் குயரில் பாடுகிற ஜெயன் மெதுவாக, "எண்ணன் ஒறங்கிற்றா?" என்று கேட்டான். ஒருத்தரும் அசையவில்லை. நாற்பது பேர் உள்ள நம் ஹால் அவ்வளவு அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை.

நான் அதற்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உதியன்குளங்கரையில் நம் மரம் அறுக்கிற மில்லுக்கு நீ சில தடவை வந்திருக்கிறாய். மரத்தடி அறுப்பு வாளில் ஏறும்போது ஒரு சத்தம். தடி இரண்டாகப் பிளந்து வெளியே போன பிறகு வாள் வெறுமனே சுற்றும். அது வேறு சத்தம், மெல்லிசாக, உயரத்தில், ஊளை போல. கரண்டை நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் அது நிற்காது. நான் மில்லை விற்று நான்கு வருஷம் ஆகிறது. என் காதுக்குள் வாள் இன்னும் நிற்கவில்லை.

சத்தம் உள்ள இடத்தில் அது அடங்கியிருக்கும். டிவியோ, பாட்டோ, பஸ்ஸோ என்ன ஆனாலும் போதும். சத்தம் நின்றால் அது வரும். நீ வேண்டும் வேண்டும் என்று கேட்கிறாயே, அந்த அமைதி, அது எனக்கு மில்லின் நடுவில் நிற்பது.

அன்றைக்கு டிவியைப் போட மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நீ படுத்தாய். வீடு அடங்கியது. வாள் வந்தது. முற்றத்துக்குப் போனேன், அங்கேயும் கூடவே வந்தது. தலையைக் கொண்டுபோய் எங்கேயாவது இடிக்கலாம் என்று தோன்றியது. டிவியைத் தொட முடியாது. மிக்ஸியைப் பற்றி நாம் ஒன்றும் பேசவில்லை. போட்டேன். நீ வந்து நின்றபோது, நிறுத்தினால் அது திரும்ப வரும் என்று கை நிறுத்தவில்லை. சும்மா என்றேன். பின்னே என்ன சொல்வேன்? காதுக்குள் வாள் ஓடுகிறவனை குயருக்கு முன்னால் யார் நிற்க விடுவார்கள்? மில்லும் போன பிறகு எனக்கு அது ஒன்றுதானே இருந்தது?

கூட்டத்தில் கடைசியில் என்ன நடந்தது என்றால், அடுக்களையில் பாலுக்கு வைத்த குக்கர் விசில் அடித்தது. எல்லோரும் ஆமென் என்று கண் திறந்தார்கள். என் முகமெல்லாம் கண்ணீர். "கனகதாசுக்கு பரிசுத்த ஆவியின் அபிஷேகம் உண்டாயிற்று," என்று ஆனந்தபாய் அக்கா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

கனகதாஸ்


ஆரியங்கோடு
ஜூலை 14

பினு அப்பாவுக்கு,

நம்பாமல் இருக்கத்தான் முயன்றேன். நான்கு வருஷம் மறைத்தவர் மனைவி வீட்டை விட்டுப் போன பிறகு ஒரு காரணத்தைக் கண்டுபிடிப்பது வசதியானது. என் இடத்தில் என் மாணவி ஒருத்தி இருந்து என்னிடம் கேட்டால், நம்பாதே என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஒவ்வொன்றாக நினைவு வருகிறது. டிசம்பர் குளிரில் போர்வைக்குள் சுருண்டுகொண்டும் ஃபேனை நிறுத்த விடமாட்டீர்கள். பஸ்ஸில் நல்ல சீட் காலியாக இருந்தாலும் எஞ்சின் பக்கம் போய் உட்காருவீர்கள். குளிக்கப் போனால் வாளி நிறைந்து வழிந்த பிறகும் குழாய் ஓடும். தண்ணீர் வீணாகிறது என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சேர்த்துப் பார்க்கவில்லை. ஆகவே நம்புகிறேன்.

ஆனால் நம்பியதால் என் காதில் வலி குறையவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு நீங்கள் வேண்டுமென்று செய்கிறீர்கள் என்று நினைத்தேன். நிறுத்தச் சொன்னால் நிறுத்தலாம் என்று இருந்தது. இப்போது நான் உங்களிடம் கேட்பது உங்களை மில்லுக்குள் பூட்டி வைப்பது. நீங்கள் என்னிடம் கேட்பது என் தலையில் ஆணி அடிப்பது. இரண்டு பேருக்கும் ஒரே வீடு.

இங்கே ஒரு பழைய டேபிள் ஃபேன் இருக்கிறது. மூன்று பொத்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றாவது வேகம் அடுத்த அறையில் யாரோ மாவு சலிப்பது போல இருக்கிறது. அதில் என்னால் தூங்க முடிகிறது. இரண்டாவதைக் கொஞ்ச நேரம் தாங்கலாம், பிறகு குத்தத் தொடங்குகிறது. மூன்றாவதில் மாடியை விட்டு இறங்கி ஓடினேன்.

ஒன்றாவது வேகம் உங்கள் வாளை மூடுமா என்று பார்க்க வேண்டும். வருகிற சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டு வாருங்கள். யாரையும் கூட்டி வர வேண்டாம், பலகாரம் எதுவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். நான் படுத்திருப்பேன். நீங்கள் நாற்காலியில் ஃபேன் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நான்கு மணிக்கு எனக்குப் பதில் வேண்டும். மரியாதைக்காகப் போதும் என்று சொல்ல வேண்டாம்.

ஜீனா


கொல்லயில்
ஜூலை 22

ஜீனா,

போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். போதாது.

பஸ்ஸில் வரும்போதே எழுத வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன்.

நீ தூங்கினாய். மூட முடியாத கண்ணில் பிளாஸ்திரி ஒட்டி, வாய் கொஞ்சம் கோணி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. கல்யாணமான பிறகு நீ பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. உன் நெற்றியில் எப்போதும் ஒரு கோடு உண்டு, அது இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் காற்று வந்தது, சத்தம் காதுவரை வந்து அங்கேயே நின்றது. அதற்குள்ளே வாள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு என் விரல் இரண்டாவது பொத்தான் மேல் போய் இருந்தது. அழுத்தவில்லை. ஆனால் அதன் மேல்தான் இருந்தது.

நான்கு மணிக்கு நீ எழுந்து என்னைப் பார்த்தாய். உன் முகம் அப்படித் தெளிந்திருந்தபோது நான் என்னவென்று சொல்வேன்? போதும் என்றேன்.

எனக்கு இரண்டாவது வேகம் வேண்டும், ஜீனா. அதில் நான் பிழைத்துக்கொள்வேன் என்று நினைக்கிறேன்.

கனகதாஸ்


ஆரியங்கோடு
ஜூலை 27

பினு அப்பாவுக்கு,

நான் தூங்கவில்லை. பிளாஸ்திரி ஒட்டாத கண்ணைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன். உங்கள் விரலைப் பார்த்தேன். நீங்கள் அழுத்தினால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அழுத்தவில்லை. போதும் என்று சொன்னபோது அது பொய் என்றும் தெரிந்தது. எழுதுவீர்களா என்று ஒவ்வொரு நாளும் விஜயம்மாவின் வண்டிக்குக் காத்திருந்தேன். எழுதிவிட்டீர்கள். அதற்கு நன்றி.

நீங்கள் போன பிறகு இரண்டாவது வேகத்தை மறுபடி முயன்றேன். உங்களுக்காகத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது. பிளாஸ்திரி ஈரத்தில் கழன்று விழுந்தது.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் பொத்தான் இல்லை. ஃபேனைத் திருப்பி வைத்துப் பார்த்தேன், துணி போட்டு மூடிப் பார்த்தேன், படிக்கட்டில் கொண்டு வைத்தும் பார்த்தேன். எனக்குக் குறைந்தால் உங்களுக்குக் குறையும். இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் மேல் கோபமாக இருந்தபோது எனக்கு இதைவிட எளிதாக இருந்தது. கோபப்பட இப்போது ஆள் இல்லை.

ஒரு வருஷத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று குமாரி டீச்சருக்கு எழுதப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வரலாம். உட்கார்ந்து பேசலாம். பேச முடிந்த அளவுக்கு.

ஜீனா


கொல்லயில்
ஆகஸ்ட் 10

ஜீனா,

குமாரி டீச்சருக்கு எழுதிவிட்டாயா? எழுதவில்லை என்றால் இதை வாசித்த பிறகு எழுது.

நீ ஃபேனைப் பற்றியே யோசித்தாய். படித்தவர்கள் அப்படித்தான். நான் மரத்தோடு கிடந்தவன். சத்தத்தைக் குறைக்க முடியாது என்றால் நடுவில் எதையாவது நிறுத்த வேண்டும். மில்லில் ஆபீஸ் அறைக்கு ஆஞ்ஞிலி மரத்தில் கனமான கதவு போட்டிருந்தேன், அதைச் சாத்தினால் உள்ளே கணக்கு எழுதலாம், உனக்கு நினைவு இருக்கும். நம் வீட்டில் உன் அறைக்கு நான்தான் கதவைக் கழற்றினேன். அது வெறும் பிளைவுட், திரும்ப மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை. பரணில் இரண்டு ஆஞ்ஞிலிப் பலகை கிடக்கிறது அல்லவா? உங்கள் சவப்பெட்டிக்கா என்று நீ கேலி செய்வாயே, அது. அதை இறக்கினேன். என் பெட்டிக்கு வேறு பார்த்துக்கொள்ளலாம்.

ஆசாரி சிவதாணு வந்து வேலை செய்கிறான். பலகையின் கனத்தைப் பார்த்துவிட்டு, "எண்ணே, நீங்க கதவு செய்யுதியளா, கப்பலு செய்யுதியளா?" என்று கேட்டான். கீழே இடைவெளி இல்லாமல் ரப்பர் பட்டை, சட்டத்தைச் சுற்றிலும் பட்டை. இழைப்பு, சுத்தியல் எல்லாமாக வீட்டில் ஒரே சத்தம், எனக்கு சுகமாக இருக்கிறது. நீ இப்போது வரக்கூடாது.

கதவை மாட்டிய பிறகு சோதித்தேன். ஹாலில் நம் ஃபேனை மூன்றில் வைத்துவிட்டு சிவதாணுவை உள்ளே படுக்கச் சொன்னேன். வெளியே வந்து, "ஒண்ணும் கேக்கேல்ல எண்ணே," என்றான். பிறகுதான் நினைத்தேன், அவனும் இருபது வருஷம் என் வாளுக்குப் பக்கத்தில் நின்றவன். அவன் சாட்சி செல்லாது. உன் காதுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நெய்யாற்றின்கரைக்குப் போய்க் காதைக் காட்டினேன். வயர் மாட்டி, கண்ணாடிக் கூட்டுக்குள் உட்கார வைத்தார்கள். அந்தக் கூட்டுக்குள் சத்தமே கிடையாது, எனக்கு வேர்த்துவிட்டது. இரண்டு காதும் போயிருக்கிறது, ஆனால் மெஷின் வைத்தால் டிவியைப் பாதியாகக் குறைக்கலாம், உள்ளே உள்ள ஒலியும் கொஞ்சம் அடங்கலாம் என்கிறார்கள். உறுதி சொல்லவில்லை.

டாக்டர் தந்த சீட்டை எடுத்துக்கொண்டு சர்ச் ஐயரிடம் போனேன். குயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் நல்லபடியாகப் பேசினார். ஆனாலும் விட வேண்டாம் என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. என் காது விஷயம் எல்லோருக்கும் முன்பே தெரியும் போலிருக்கிறது. இப்போது வினீத் பாட்டு எடுக்கிறான், பிராக்டிஸ் சர்ச்சில் நடக்கிறது. சுதி கொஞ்சம் கூடிப் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. என் காதை நம்பாதே.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மௌன ஜெபத்துக்கு எழுந்து வெளியே போய், ரோட்டு ஓரமாக நின்றேன். பாட்டு தொடங்கியதும் உள்ளே வந்தேன். ஆனந்தபாய் அக்கா, "என்னடே, மூத்திரம் போனியா?" என்று கேட்டார்கள். ஆமா என்றேன்.

கதவு போதும் என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாது. வந்து பார்.

கனகதாஸ்


ஆரியங்கோடு
ஆகஸ்ட் 16

பினு அப்பாவுக்கு,

குமாரி டீச்சருக்கு எழுதிய கடிதம் மேசையில்தான் இருக்கிறது. ஸ்டாம்பு ஒட்டவில்லை. அதைக் கிழிக்கவும் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறேன். மாதக் கடைசி வரை இருந்து பார்க்கிறேன். இந்த வீட்டுச் சாவி என்னிடமே இருக்கும். கதவு போதாது என்றால் சொல்வேன், திரும்பி வந்துவிடுவேன். உங்களுக்கு வாள் பொறுக்க முடியாமல் போனால் நீங்கள் சொல்ல வேண்டும், அன்றைக்கே. சும்மா என்ற சொல்லை இனி வீட்டில் யாரும் பயன்படுத்தக் கூடாது.

குயரை விட்டீர்கள் என்று வாசித்தேன். நீங்கள் பாடி முடித்த பிறகு வீட்டில் நிலவும் அந்தக் கொஞ்ச நேர அமைதியை நான் விரும்பியிருக்கிறேன். பாட்டை விரும்பினேனா என்று யோசித்ததில்லை. பாட்டு இல்லாமல் அந்த நேரம் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

நேற்று தீக்குச்சிச் சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது. அணையவில்லை. விரலைச் சுட்டது.

நான் வாசலில் நின்று கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது. இரும்பு கேட்டைத் தட்டினால் எனக்கு வலிக்கும். ஆகவே சாப்பிட்டதும் நீங்களே வெளியே வந்து நில்லுங்கள். பஸ் தாமதமானாலும் உள்ளே போகாதீர்கள். ரோட்டில் லாரி ஓடிக்கொண்டிருக்கும், நிற்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது.

ஜீனா